உங்களுக்குக் கேட்காத சத்தம்

அப்பா,

இன்று காலை வண்டி நம் தெருவைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும், இடது பக்க முன்சக்கரத்திலிருந்து மெல்லிசாகக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கோயில் முனையில் ஒரு மாடு குறுக்கே வர, அண்ணன் பிரேக்கில் கால் வைத்தான். சத்தம் நின்றது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது.

வண்டியில் இருந்தவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நேற்று அண்ணிக்கு வளைகாப்பு. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். இன்று அண்ணியை நெட்டப்பாக்கத்துக்கு, அவர்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் அண்ணியின் அப்பா, மாமா. நடு சீட்டில் அம்மா, அண்ணி, அண்ணியின் அம்மாவான அத்தை. கடைசி சீட்டில் புளிசாதத் தூக்கு, எலுமிச்சை சாதத் தூக்கு, தேங்காய்ப் பை, இவற்றோடு நான். அண்ணன் புதிதாக மாட்டிய ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் அத்தையும் நேற்று பந்தியில் யார் யார் உட்காராமல் போனார்கள் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். அண்ணி ஒவ்வொரு முறை கையை அசைக்கும்போதும் வளையல் அத்தனையும் சலசலத்தது.

நீங்கள் ஓட்டியிருந்தால் உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்காது. ஆனால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்த்து, வண்டியை ஓரம் கட்டியிருப்பீர்கள்.

மில்லில் நூல் மிஷின்களுக்கு நடுவே இருந்த வருஷங்களில் உங்கள் காது போனது. முழுசாகப் போகவில்லை. தடிமனான சத்தமெல்லாம் கேட்கும். பஸ் ஹாரன் கேட்கும், பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும், அம்மா திட்டுவது நன்றாகவே கேட்கும். மெல்லிசான சத்தங்கள்தான் உங்களை விட்டுப் போயிருந்தன. குக்கர் விசில், செல்போன் மணி, அணில், அப்புறம் நான். மில்லை மூடியபின் நெல்லும் கரும்புமாக நிலத்தோடு இருந்துவிட்டீர்கள். அங்கே உங்களுக்குக் காது அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

எனக்கோ சின்னக் குரல். ஒன்பதாவது படிக்கும்போது, எழுந்து பாடத்தை வாய்விட்டுப் படி என்றார்கள். வரவில்லை. குரல் வரும்வரை நின்றுகொண்டே இரு என்றார்கள். அந்த வருஷம் முழுவதும் நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா அழுதாள், அண்ணன் கத்தினான். நீங்கள் மட்டும், "எனக்குத்தான் இவ பேசறது கேக்கலன்னு நெனச்சேன், வாத்தியாருக்கும் கேக்கலியா?" என்று சிரித்தீர்கள். அதற்காக அம்மா உங்களோடு பேசாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் சோற்றைத் தட்டில் போட்டு, தட்டைத் தரையில் 'ணங்'கென்று வைப்பாள். "அது கேக்குது" என்பீர்கள் நீங்கள், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

வில்லியனூரில் ஒரு வீட்டிலிருந்து பழைய வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்த அன்று, தெருவே வந்து பார்த்தது. உயரமான வண்டி, ஏழு பேர் உட்காரலாம். அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டே கேட்டாள்:

"நாலு பேருக்கு ஏழு சீட்டா? மீதி மூனு சீட்ல இன்னா, நெல்லு மூட்டய ஒக்கார வெக்கப் போறீங்களா?"

"ஆமாடி. அதுங்களும் எத்தினி நாளக்கித்தான் மாட்டு வண்டியிலயே போவும்" என்றீர்கள்.

அடுத்த நாளே எல்லோரும் பாகூருக்குப் போனோம். நான் உங்கள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குண்டும் குழியுமான இடம் வந்ததும் வண்டிக்குள் எங்கோ ஒரு கீச்சுச் சத்தம். எலிக்குஞ்சு மாதிரி. "சத்தம் வருது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை, நான் சொன்னதும் சரி, சத்தமும் சரி. இன்னொரு முறை சொன்னேன். "எனக்கு ஒன்னியும் கேக்கல, சும்மா இரு" என்றான் அண்ணன். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டீர்கள். வண்டியை நிறுத்தி, உடம்பையே திருப்பி என் பக்கம் பார்த்து, "இன்னா பாப்பா? எங்க?" என்றீர்கள்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உங்கள் இடது தோளைத் தொட்டேன். இடது பக்கம்.

அதுதான் நம் பேச்சாக ஆகிவிட்டது. இடது பக்கம் சத்தம் வந்தால் இடது தோள், வலது பக்கம் வந்தால் வலது தோள். பின்னால் என்றால் சீட்டின் முதுகில் ஒரு தட்டு. முன்னால் என்றால் காதுக்குப் பக்கத்தில் விரலை நீட்டுவேன். அடிவயிற்றில், அதாவது வண்டிக்குக் கீழே என்றால், காலால் தரையை மிதிப்பேன். அதிர்வு உங்கள் காலுக்கு வந்துவிடும். சத்தம் போட்டுப் பேசவே தேவையில்லாத ஓர் இடம் எனக்குக் கிடைத்தது என்றால், அது அந்த சீட்டுதான் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனித்திட்டுக்கு மீன் வாங்கப் போவோம். அம்மாவிடம் மீன் என்று சொல்லுவீர்கள். உண்மையில் நாம் போனது சத்தத்தைத் தேடித்தான். அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும். முதலில் ஏசியை நிறுத்துவீர்கள். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுக் கொஞ்ச தூரம், இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம். ஏற்றியிருக்கும்போது அதிகமாகக் கேட்டால் சத்தம் வண்டிக்குள்ளே. இறக்கியதும் அதிகமாகக் கேட்டால் வெளியே, இல்லை அடியில். இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாமாகவே கண்டுபிடித்து, கண்டுபிடித்த அன்று வழியில் நின்று ஆளுக்கொரு டீ குடித்தோம்.

உள்ளே என்றால் நான் சீட்டு சீட்டாக மாறி உட்காருவேன். பிளாஸ்டிக்கை ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பேன். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் எலி. கையை எடுத்தால் கத்தும், வைத்தால் அடங்கும். நீங்கள் ஓட்டிக்கொண்டே, "புடிச்சியா? புடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். முதலில் பிடித்த எலி, நடு சீட்டு பெல்ட்டின் கொக்கி. அது பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டி உரசிக்கொண்டு இருந்தது. அம்மாவின் பழைய உள்பாவாடையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றினோம். துணியை அடையாளம் கண்டு அம்மா சண்டை போட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் வண்டியில் ஏறும்போது மட்டும் அதைப் பற்றிக் கேட்கவும் முடியாமல் அவள் பட்ட பாடு!

சத்தத்துக்கெல்லாம் பெயர் வைத்தது நீங்கள்தான். உள்ளே கீச்சுக்கீச்சென்றால் எலி. பள்ளத்தில் இறங்கும்போது அடியில் 'க்ராக்' என்றால் தவளை. கதவோரத்து ரப்பர் உரசினால் ஈரச்செருப்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் கத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அடங்குவதற்கு மாமியார் என்று பெயர். அம்மாவுக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

ஈரச்செருப்புக்கு முகத்துக்குப் போடுகிற பவுடரைத்தான் பூசினோம். கதவு ரப்பர் முழுக்கத் துணியில் தொட்டுத் தொட்டு. சத்தம் போய்விட்டது. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் வண்டி அப்போதுதான் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி மணக்கும். மாமியாரைக் கண்டுபிடித்தது இன்னொரு நாள். தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓடுகிற எஞ்சின் பெல்ட்டின் மேல் தூரத்தில் இருந்தே பீய்ச்சினீர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சத்தம் சட்டென்று நின்றதும் நான் கண்ணை விரித்தேன். மறுபடி வந்ததும் தலையாட்டினேன். பெல்ட்தான் என்று தெரிந்தது. உங்களுக்கு அதில் எதுவுமே கேட்கவில்லை. என் முகத்தை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டீர்கள்.

தவளையிடம்தான் ஏமாந்தோம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னால் அடியில் கத்தியது. நீங்கள் படுத்து உள்ளே போய்ப் பார்த்து, இரும்புக்கு நடுவே ரப்பர் காய்ந்து கிடக்கிறது என்றீர்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வீட்டில் நிறைய இருந்தது. கரண்டி கரண்டியாக ஊற்றினோம். தவளை அடங்கியது. நீங்கள் வேண்டுமென்றே ஊரில் இருக்கிற வேகத்தடை எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினீர்கள். "கேக்குதா? கேக்குதா?" கேட்கவே இல்லை. பெருமை தாங்காமல் அம்மாவுக்கு வறுத்த கடலை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலையில் பார்த்தால், தெரு நாய்கள் எல்லாம் நம் வண்டிக்கு அடியில். ஒன்று மல்லாக்கப் படுத்துக்கொண்டு நக்கியது. அம்மா துடைப்பத்தோடு ஓடினாள். "வண்டி வாங்கனாரா, எண்ணச் செக்கு வாங்கனாரா" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்தியது உங்களுக்கும் கேட்டது.

கொஞ்ச நாளிலேயே தவளை திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிய குரலில். வேறு வழியில்லாமல் வில்லியனூர் ரோட்டு மெக்கானிக்கிடம் போனோம். அவர் அடியில் போய்விட்டு வெளியே வந்து, விரலை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாண்ணே இது, வண்டிக்கு எண்ண தேச்சி வுட்டிருக்கீங்க? சீக்கா ஒன்னுதான் பாக்கி!"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ரப்பர் எண்ணய குடிச்சிட்டு ஊதிப்போய் கிழிஞ்சி கெடக்குது. எண்ணக்கும் ரப்பருக்கும் ஆவாதுண்ணே. யாரு குடுத்த யோசன?"

"நாந்தான்" என்றீர்கள். அது என் யோசனை.

அந்த மெக்கானிக் அண்ணனுக்கு நம்மை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த முறை போனபோது, "ந்தா, காது டாக்டரு வந்துட்டாங்க. சொல்லும்மா, வண்டிக்கு எங்க வலிக்குது?" என்றார். நான் போய் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். பக்கத்தில் வேலைக்கு நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. பள்ளியில் சிரித்தார்களே, அது வேறு மாதிரி இருந்தது.

அப்புறம் அந்த நாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து திரும்பி வரும் வழியில் ஒரு புதுச் சத்தம். எலி இல்லை, செருப்பு இல்லை. ஊசி மாதிரி மெல்லிசாக, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது. பிரேக்கில் கால் வைத்தால் நின்றது. நான் இடது தோளைத் தொட்டு, விரலை முன்னால் நீட்டினேன். நேராக மெக்கானிக்கிடம் விட்டீர்கள். அவர் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து பிரேக் கட்டையை எடுத்து உங்கள் கையில் வைத்தார். பிஸ்கட் மாதிரி தேய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் மடக்கிவிட்ட சின்னத் தகடு ஒன்று இருந்தது.

"இத பாருங்கண்ணே. கட்ட தேஞ்சா இந்தத் தகடு போயி டிஸ்க்குல ஒரசும். ஒரசி கத்தும். கத்தறதுக்குன்னே வெச்சிருக்கறான். ஓட்றவன் காதுல வுழுந்து, மாத்தணும்னு தெரியணும் இல்ல?"

"அப்பவும் கேக்கலன்னா?" என்று கேட்டீர்கள்.

"அப்பறம் கட்டயே இல்லாம போயிடும். பிரேக்க மெரிச்சா இரும்பும் இரும்பும் கரகரன்னு அரைக்கும். அது வந்துட்டா அந்த வண்டிய ஒரு அடி ஓட்டக் கூடாதுண்ணே. எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு சொல்ல முடியாது."

நீங்கள் அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "எனக்குச் சொல்றதுக்குன்னே வெச்சிருக்கறான். எனக்குத்தான் கேக்கல" என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இனிமே நான் வண்டி எடுத்தா நீயும் ஏறணும் பாப்பா" என்றீர்கள்.

அதிலிருந்து நீங்கள் போன இடமெல்லாம் நானும் வந்தேன். உரக்கடை, கரும்புக்கு வெட்டாள் பேசுகிற இடம், பெரியவர்கள் மட்டும் போகிற சாவு வீடு. "பொண்ண எதுக்குப்பா எல்லா எடத்துக்கும் இட்டுக்கினு வர?" என்று கேட்டவர்களிடம், "இவ இல்லாம வண்டி ஓடாது" என்பீர்கள். அவர்கள் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது தின்பதற்கு ஏதாவது கொண்டு வருவீர்கள். சாவு வீட்டிலிருந்து மட்டும் எதுவும் கொண்டு வரவில்லை. ஆனால் அங்கிருந்து வரும்போதும் டீக்கடையில் நிறுத்தினீர்கள்.

உங்களைப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று நம் வண்டியில் போகவில்லை. ஆம்புலன்ஸில் போனீர்கள். எனக்கு அதில் இடம் தரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை அப்பா.

அப்புறம் வண்டி தகரக் கொட்டகைக்குள் ரொம்ப நாள் நின்றது. அண்ணன் ஓட்டக் கற்றுக்கொண்டு, கம்பெனி வேலைக்கு அதிலேயே போகத் தொடங்கினான். நன்றாகத்தான் ஓட்டுகிறான். வேகம் கொஞ்சம் அதிகம். கூட வேலை செய்கிறவர்களையும் ஏற்றிக்கொண்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு போவான். என்னை அவன் கூப்பிடவில்லை. நானும் ஏறவில்லை. பாகூரில் ஒரு தையல் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். அங்கேயும் மிஷின் கத்தினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணி நல்லவர்கள். வந்த நாளிலிருந்து என்னைப் பேச வைக்கப் பார்க்கிறார்கள். "ஒரு நாளக்கி ஒரு வார்த்த கணக்கு வெச்சிருக்கியா பாப்பா? நேத்து மிச்சத்த இன்னிக்குப் பேசேன்" என்பார்கள். நான் சிரிப்பேன். அதுவும் பேச்சுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால், நீங்கள் போனபின் அந்த வண்டியில் நான் ஏறியது இன்றுதான். அண்ணன் கதவைத் திறந்துவிட்டபோது பவுடர் வாசம் வருகிறதா என்று பார்த்தேன். ஏதோ ஒரு சென்ட் வாசம்தான் வந்தது. பழக்கத்தில் உங்கள் சீட்டுக்குப் பின்னால் போய் உட்காரப் பார்த்தேன். "அது அத்தைக்கு, நீ பின்னால போ, தூக்கு சாயாம பாத்துக்கோ" என்றாள் அம்மா.

அந்தக் கீச்சுச் சத்தம் எத்தனை நாளாகக் கத்துகிறது என்று தெரியவில்லை. அண்ணனுக்கு உங்களைப் போல இல்லை, நல்ல காது. பாட்டு ஓடும்போது என்ன காது இருந்து என்ன? கடைசி சீட்டிலிருந்து அவன் தோள் எனக்கு எட்டாது. எட்டினாலும் தொட்டால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. கடைகள் இருக்கிற இடத்தில் வண்டி மெதுவாகப் போனபோது, "அண்ணா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

ஏரிக்கரை ரோட்டில் ஏறினோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளத்தில் வயல். உங்களுக்குத் தெரியாத ரோடா? எதிரில் ஒரு கரும்பு டிராக்டர் வந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தினான். அப்போது கீச்சு நின்று, வேறு ஒன்று வந்தது. கரகரவென்று, அம்மியில் மணல் அரைக்கிற மாதிரி. காதுக்கு வருவதற்கு முன்னாலேயே என் உள்ளங்காலில் தெரிந்தது.

"அண்ணா" என்றேன் மறுபடி. அம்மா திரும்பினாள்.

"இன்னாடி? தூக்கு சாஞ்சிடுச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பாப்பாவுக்கு வண்டி ஒத்துக்கல போலக்கீது. அந்த எலுமிச்சம்பழத்தக் குடுங்க, மோந்து பாக்கட்டும்" என்றார் மாமா முன்னாலிருந்து. அத்தையின் பையிலிருந்து ஒரு பழம் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் மதகு. அங்கே ரோடு வளைந்து கீழே இறங்கும். ஒரு முறை அந்த இறக்கத்தில் மூட்டைகளோடு நீங்கள் இறங்கியபோது, வண்டி அதுவாகவே ஓடப் பார்த்தது எனக்கு நினைவில் இருந்தது. இப்போது உள்ளே மூட்டைகள் இல்லை. எனக்கு முன்னால் அண்ணி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டி அவர்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அண்ணியின் தோளைத் தொட்டேன். அவர்கள் திரும்பினார்கள்.

"இன்னா பாப்பா? இன்னா உன் மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"அண்ணி, வளையலப் புடிச்சிக்குங்க."

"இன்னாது?"

"ரெண்டு கையிலயும் வளையல கெட்டியா புடிச்சிக்குங்க. சத்தம் வரக் கூடாது."

அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்து முந்தானையால் சுற்றி அமுக்கிக்கொண்டார்கள். அந்தச் சலசலப்பு நின்றதும் அம்மாவும் அத்தையும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணா! பாட்ட நிறுத்து!"

அது என் குரல்தான். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். எனக்கே பயமாக இருந்தது.

"இன்னாடி, எதுக்குக் கத்தற?" என்றான் அண்ணன்.

"பாட்ட நிறுத்து. ஏசிய நிறுத்து. கண்ணாடிய எறக்கிட்டு மெதுவா பிரேக்கத் தொடு."

என்ன நினைத்தானோ, செய்தான். வண்டிக்குள் ஏரிக் காற்று வந்தது. அதோடு அந்தச் சத்தமும் வந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"ஐய, இன்னா அது, பல்ல கடிக்கற மாரி?" என்றார்கள் அத்தை.

"பிரேக் கட்ட தேஞ்சி போச்சி. இரும்புல இரும்பு அரைக்குது. நிறுத்துண்ணா" என்றேன்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"ராகுகாலம் வந்துடும்டா" என்றாள் அம்மா. "புள்ளத்தாச்சிய இட்டுக்கினு வழியில நிக்கறதா? நல்லதுக்குப் போவசொல்ல இது இன்னா பேச்சு. மெதுவா போயிடலாம்."

"அதானே, இன்னும் கொஞ்ச தூரந்தானே தம்பி, பதமா ஓட்டினு போனா போயிடலாம்" என்றார் மாமா.

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நீங்கள் பார்ப்பீர்களே, அதே கண்ணாடி. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. மதகின் சுவர் தெரிந்தது.

"அப்பாவா இருந்தா நிறுத்தியிருப்பாரு" என்றேன். பிறகு, அது போதாது என்று தோன்றியது. "எறக்கத்துல நிக்காதுண்ணா. அண்ணி உள்ள இருக்காங்க. நான் சொல்றேன், நிறுத்து!"

நிறுத்தினான். கியரைக் குறைத்து, மெதுவாக, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, இறக்கம் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கே வண்டி நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தபோது அண்ணன் முகம் மாறியிருந்தது. இடது சக்கரத்திலிருந்து இரும்பு தீய்ந்த வாசம் வந்தது. மாமா இறங்கிக் குனிந்து, கையைக் கிட்டே கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

யாரும் ராகுகாலம் பற்றிப் பேசவில்லை. அண்ணி முந்தானையை இன்னும் அவிழ்க்கவில்லை. "பாப்பா" என்று மட்டும் சொன்னார்கள். அத்தை கதவைத் திறந்து முதலில் இறங்கி, அண்ணி இறங்கக் கை கொடுத்தார்கள். அம்மா கீழே கால் வைக்க இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கொஞ்சம்தான் இருந்தது. அப்புறம் ஏரிச் சரிவு.

அண்ணன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க டிக்கியைத் திறந்தான். நான் தூக்குகளைத் தாண்டி அந்த வழியாகக் கீழே குதித்தேன். அப்போதுதான் பின்னால் பார்த்தேன். நம் வண்டி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு, நாங்கள் கடந்து வந்த வளைவை ஒட்டி நின்றிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் நாணல் புதர். அங்கிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோம். புதருக்குப் பின்னால், இன்னும் தூரத்தில், பஸ் ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அண்ணனுக்குக் கேட்கவில்லை. அண்ணி அப்போதுதான் ஒரு காலைக் கீழே வைத்திருந்தார்கள்.

நான் வளைவுக்கு ஓடினேன். நடு ரோட்டில் நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "நிறுத்துங்க" என்று கத்தினேன். பஸ் நின்றது, அப்பா.